லண்டனில் ஒரு சனி ஞாயிறு, ஒரு காமெடி மியூசிக்கல்: நண்பர்களோடு கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

லெஸ்டர், பர்மிங்காம், மான்செஸ்டர், லீட்ஸ் என்று லண்டனுக்கு வெளியே இருக்கும் நம்மவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு வீக்கெண்டில் லண்டனின் நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் போய் ஒரு காமெடி மியூசிக்கல் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பும்போது வரும் கேள்விகள் இவை. ‘ஆபரேஷன் மின்ஸ்மீட்’ என்ற நாடகத்தை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வேறு நாடகத்துக்குப் போனாலும் டிக்கெட், ரயில், சாப்பாட்டுச் சமாச்சாரம் பெரும்பாலும் இதேதான்.

முதலில் எதை புக் செய்வது? ரயிலா, ஹோட்டலா, நாடகமா?

நாடகம். வாட்ஸ்அப் குழுவில் “எப்பப்பா போலாம்?” என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு தேதி சொல்வார்கள், பிறகு யாரோ ஒருவர் ஒரு மீம் போடுவார், பேச்சு அதோடு முடிந்தது. “இந்தச் சனிக்கிழமை, இந்தக் காட்சி, அஞ்சு சீட்டு. வர்றவங்க வியாழனுக்குள்ள பணம் அனுப்பிடுங்க” என்று ஒருவர் சொன்னால்தான் காரியம் நடக்கும். அந்த ஒருவர் நீங்களாக இருந்துவிடுங்கள். அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் நாடகமே மாறிவிடும்.

டிக்கெட் கைக்கு வந்துவிட்டால் எத்தனை மணி ரயில், எந்தப் பக்கம் தங்குவது, எப்போது சாப்பிடுவது எல்லாம் தன்னால் முடிவாகும். ரயிலில் அட்வான்ஸ் டிக்கெட் வழக்கமாகப் பயணத்துக்கு 12 வாரம் முன்னால் விற்பனைக்கு வரும். அதனால் இரண்டரை, மூன்று மாதம் முன்பே நாடகத்தை முடித்துவைப்பது வசதி.

எந்த நாடகம் பார்ப்பது?

எந்தக் கூட்டத்திலும் “பாட்டா பாடிக்கிட்டே இருப்பாங்களே, எனக்குச் சரிப்படாது” என்று சொல்ல ஒரு ஆள் இருப்பார். அவரையும் சிரிக்கவைக்கிற நாடகமாகப் பார்க்க வேண்டும். என் ஓட்டு ஆபரேஷன் மின்ஸ்மீட்டுக்கு. 2019இல் லண்டனில் ஒரு சின்ன அரங்கில் தொடங்கி, படிப்படியாக வளர்ந்து, 2023இல் கோவன்ட் கார்டன் பக்கத்தில் இருக்கும் ஃபார்ச்சூன் தியேட்டருக்கு வந்தது. 2024இல் சிறந்த புதிய மியூசிக்கலுக்கான ஒலிவியர் விருது (லண்டன் நாடகங்களுக்கான பெரிய விருது) வாங்கியது. மேடையில் மொத்தமே ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் தொப்பியை மாற்றி, கோட்டை மாற்றி, கதையில் வரும் அத்தனை பேராகவும் ஆகிறார்கள். ஒரு ஆள் இந்தப் பக்கம் கதவால் போய் அந்தப் பக்கம் வேறு ஆளாக வருவதைப் பார்ப்பதிலேயே பாதிச் சிரிப்பு.

2013இலிருந்து பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தியேட்டரில் இருக்கும் ‘புக் ஆஃப் மார்மன்’ பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரிக்கலாம், அது உண்மை. ஆனால் கெட்ட வார்த்தை கொட்டும், சாமி, மதம் எதையும் விட்டுவைக்காது, கதை நடக்கும் உகாண்டாவைக் காட்டும் விதம் சிலருக்கு நெருடும். உங்கள் கூட்டத்தில் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நேரம் குறைவு, சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் ‘சிக்ஸ்’ இருக்கிறது: எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகள் பாப் பாடகிகளாக வந்து மன்னரைக் கிழிக்கும் நாடகம், இடைவேளை இல்லாமல் ஒன்றேகால் மணி சொச்சத்தில் முடிந்துவிடும்.

எதுவானாலும் நீங்கள் போகிற வாரத்தில் எந்தத் தியேட்டரில் ஓடுகிறது என்று அந்த நாடகத்தின் சொந்தத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

மின்ஸ்மீட் கதை என்ன? தெரிந்துகொண்டு போனால் சுவாரசியம் கெட்டுவிடாதா?

கெடாது. தெரிந்துகொண்டு போனால்தான் கூடுதலாகச் சிரிப்பீர்கள், ஏனென்றால் மேடையில் “இதெல்லாம் ஓவர்” என்று தோன்றும் விஷயங்களில் பல நிஜமாகவே நடந்தவை.

1943, இரண்டாம் உலகப் போர். பிரிட்டன், அமெரிக்கா சேர்ந்த நேசநாடுகள் இத்தாலியின் சிசிலித் தீவில் இறங்கப்போகின்றன. வரைபடத்தைப் பார்க்கிற எவருக்கும் அடுத்தது சிசிலிதான் என்று தெரியும், ஜெர்மானியர்களுக்கும் தெரியும். அவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் இருந்த யூவென் மாண்டகுவும், உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5இல் பணியாற்றிய விமானப்படை அதிகாரி சார்ல்ஸ் சம்லியும் ஒரு திட்டம் போட்டார்கள். ஒரு சடலத்துக்கு ராணுவ அதிகாரி உடுப்பு மாட்டி, ‘மேஜர் வில்லியம் மார்ட்டின்’ என்று பெயர் வைத்து, கோட்டின் பெல்ட்டோடு ஒரு பெட்டியைச் சங்கிலியால் பிணைத்து, ஸ்பெயினின் உவெல்வா ஊர்ப் பக்கம் கடலில் விடுவது. பெட்டிக்குள் இருக்கும் கடிதங்களைப் படித்தால் தாக்குதல் கிரீஸிலும் சார்டீனியாவிலும் என்று தோன்றும். ஸ்பெயின் நடுநிலை நாடு என்று பேர். ஆனால் உவெல்வாவில் ஜெர்மன் ஒற்றர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள், கடிதம் எப்படியும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்பது கணக்கு.

போனது. ஹிட்லர் நம்பினார், கிரீஸுக்குப் படையை நகர்த்தினார். ஜூலை 10ஆம் தேதி நேசநாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது மேஜர் மார்ட்டினின் சட்டைப்பை. இல்லாத ஒரு மனிதனை இருந்தவனாகக் காட்ட வேண்டுமே, அதற்காக ஒரு வாழ்க்கையையே பைக்குள் திணித்தார்கள்: காதலி ‘பாம்’ எழுதிய கடிதங்கள், அவள் புகைப்படம், நிச்சயதார்த்த மோதிரம் வாங்கிய ரசீது, பாங்கிலிருந்து வந்த கடன் நினைவூட்டல், அப்பாவின் கறாரான ஒரு கடிதம். அதோடு லண்டன் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தியேட்டரின் கிழித்த டிக்கெட் துண்டு இரண்டு. தேதி ஏப்ரல் 22, 1943. ஆம், இன்று புக் ஆஃப் மார்மன் நடக்கும் அதே தியேட்டர்தான். அங்கே அப்போது நடந்ததும் ஒரு காமெடி நிகழ்ச்சிதான்.

இன்னொன்று கேளுங்கள். சடலத்தை ஏற்றிய நீர்மூழ்கிக் கப்பல் ஏப்ரல் 19ஆம் தேதியே கிளம்பிவிட்டது. அதாவது டிக்கெட்டின் துண்டுகளை முன்கூட்டியே கிழித்துப் பையில் வைத்துவிட்டார்கள். மிச்ச டிக்கெட்டை வீணாக்குவானேன் என்று மாண்டகு, சம்லி, பாம் என்ற பெயரில் புகைப்படத்தில் இருந்த ஜீன் லெஸ்லி எல்லாரும் 22ஆம் தேதி ஜோடியாக அந்த நிகழ்ச்சிக்குப் போய்ப் பார்த்தார்கள், முடிந்ததும் இரவு விருந்துக்கும் போனார்கள். உலகப் போரின் நடுவிலும் யாரோ ஒருவர் டிக்கெட் போட்டு, இன்னொருவர் “அப்புறம் எங்க சாப்பிடலாம்?” என்று கேட்டிருக்கிறார்.

ஒரு சடலத்தை வைத்துக் காமெடி செய்வது சங்கடமாக இருக்காதா?

இந்தக் கேள்வியை நாடகமே கேட்டுக்கொள்கிறது, அதனால்தான் எனக்கு இதன்மேல் மரியாதை. அந்தச் சடலம் கிளிண்டூர் மைக்கேல் என்ற வேல்ஸ்காரருடையது. வயது 34. வேலை இல்லை, வீடு இல்லை. கிங்ஸ் கிராஸ் பக்கம் ஒரு பாழடைந்த கிடங்கில் எலி மருந்து தின்று கிடந்தவரை செயின்ட் பாங்க்ராஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஜனவரி மாதம் அங்கே இறந்துபோனார். லெஸ்டரிலிருந்து போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்குவது அதே வட்டாரத்தில்தான். யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, உவெல்வாவில் மேஜர் மார்ட்டினாகவே புதைத்தார்கள். அவர் யார் என்பது 1996இல்தான் வெளியே வந்தது, கல்லறைக் கல்லில் அவர் பெயர் அதற்குப் பிறகுதான் சேர்ந்தது. மேல்தட்டு அதிகாரிகளின் அலட்டலைப் பார்த்து இரண்டு மணி நேரம் சிரித்த கூட்டம், அந்தப் பெயரைக் கேட்கும்போது அடங்கிப்போகிறது.

இன்னொரு ஆள் ஹெஸ்டர் லெகட். பாமின் காதல் கடிதங்களை எழுதியவர், எம்ஐ5இல் மூத்த செயலர். நாடகத்தில் அவர் வேடத்தை ஜாக் மலோன் என்ற ஆண் நடிகர் செய்து, லண்டனில் ஒலிவியரும் பிறகு நியூயார்க்கில் டோனி விருதும் வாங்கினார். நிஜ ஹெஸ்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்தது. குடும்பப் பெயரையே புத்தகங்கள் தவறான எழுத்தில் போட்டிருந்தன. நாடகத்தின் ரசிகர்கள் சிலர் ஆவணங்களைத் தோண்டி, சரியான பெயரையும் ஆளையும் கண்டுபிடித்தார்கள். 2023 கடைசியில் ஃபார்ச்சூன் தியேட்டரில் அவர் நினைவாக ஒரு பலகை வைத்தார்கள். தியேட்டருக்குப் போகிறவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

ஆங்கிலம் வேகமாக இருக்குமே, பாட்டெல்லாம் புரியுமா?

சில பாட்டு ராப் வேகத்தில் போகும், எல்லா வரியும் பிடிபடாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் முதல் தடவை பிடிபடாது. நடிகர் குழுவே பாடிய ஆல்பம் கிடைக்கிறது. ரயிலில் போகும்போது இரண்டு பாட்டு கேட்டு வைத்தால் குரலும் உச்சரிப்பும் பழகிவிடும். முழு ஆல்பத்தையும் கேட்காதீர்கள், நல்ல ஜோக்கெல்லாம் பாட்டுக்குள்தான் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த விருந்தாளியைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், எழுத்துத் திரை வைத்து நடத்தும் காட்சி எந்தத் தேதியில் என்று பாருங்கள். காது கேளாதவர்களுக்காக அப்படிச் சில காட்சிகள் வைப்பார்கள்.

மதியக் காட்சியா, மாலைக் காட்சியா?

என்னைக் கேட்டால் சனிக்கிழமை மதியம். பெரும்பாலான தியேட்டர்களில் மதியம் இரண்டரை வாக்கில் ஒன்று, இரவு ஏழரை வாக்கில் ஒன்று. இரவுக் காட்சி முடிய பத்து மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிட இடம் தேட வேண்டும், ஒருவருக்குத் தூக்கம் வரும், ஒருவர் கடைசி ரயிலைப் பார்ப்பார். காமெடி பார்த்தால் அதைப் பற்றிப் பேச நேரம் வேண்டும். “அந்த ஆள் அந்த போனை வச்சுக்கிட்டு என்ன பண்ணினான்” என்று நடித்துக் காட்டாமல் நம்மால் இருக்க முடியாது. மதியக் காட்சி ஐந்து மணிக்கு முடிந்தால் ராத்திரி முழுவதும் நம்முடையது.

மதியக் காட்சிக்கு ஒரே எதிர்வாதம், சனிக்கிழமை காலை ரயில் தாமதமானால் மாட்டிக்கொள்வோம் என்பது. பதினொரு மணிக்கு லண்டனில் கால் வைக்கிற மாதிரி ரயில் பிடியுங்கள். எழுந்திருக்க முடியாதவர்கள் கூட்டத்தில் இருந்தால், சரி, இரவுக் காட்சிக்கே போங்கள்.

எந்த இருக்கை நல்லது?

பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தரைத்தளம் ஸ்டால்ஸ், அதற்கு மேல் டிரெஸ் சர்க்கிள், அதற்கும் மேல் அப்பர் சர்க்கிள். பெரிய தியேட்டர்களில் அதற்கும் மேலே பால்கனி. ‘ரெஸ்ட்ரிக்டட் வியூ’ என்று போட்டிருந்தால் தூணோ கம்பியோ மறைக்கும் என்று பொருள். எவ்வளவு மறைக்கும் என்பது சீட்டுக்குச் சீட்டு மாறும். குறிப்பிட்ட இருக்கையிலிருந்து மேடை எப்படித் தெரிகிறது என்று பார்வையாளர்கள் எடுத்த படங்களைத் தொகுத்து வைத்திருக்கும் தளங்கள் உண்டு. பணம் கட்டும் முன் ஐந்து நிமிடம் அதற்குச் செலவழிக்கலாம்.

ஃபார்ச்சூன் 1924இல் திறந்த தியேட்டர், நானூற்றுச் சொச்சம் இருக்கைதான். ‘தி உமன் இன் பிளாக்’ என்ற பேய் நாடகம் 1989இலிருந்து 2023 வரை அங்கேயேதான் ஓடியது. இவ்வளவு சின்ன இடத்தில் மேல்தளத்திலிருந்தும் முகம் தெரியும், அதனால் முன் வரிசைக்கு நூறு பவுண்டுக்கு மேல் கொட்டத் தேவையில்லை. டிரெஸ் சர்க்கிளின் நடு வரிசை போதும். மேல்தளங்கள் செங்குத்து, கால் நீட்ட இடம் குறைவு. அந்தக் காலத்துத் தியேட்டர்களில் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர் இருந்தால் படி குறைவான இருக்கை எது என்று தியேட்டரின் டிக்கெட் அலுவலகமான பாக்ஸ் ஆபீஸில் போன் போட்டுக் கேளுங்கள், நிதானமாகச் சொல்வார்கள். உயரமான நண்பருக்கு ஓர இருக்கை.

ஐந்து பேரும் ஒரே வரிசையில்தான் என்று அடம்பிடித்தால் விலை ஏறும். மூன்றும் இரண்டுமாக முன்பின் வரிசையில் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? இருட்டில் எப்படியும் பேசக்கூடாது.

மலிவாக டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்கும், ஒருவர் இருவராகப் போனால். லெஸ்டர் ஸ்குவேரில் டிகேடிஎஸ் என்று ஒரு சின்னக் கட்டிடம் இருக்கிறது, லண்டன் தியேட்டர்களின் சங்கமே நடத்துவது. அன்றைக்கும் அடுத்த சில நாட்களுக்குமான டிக்கெட்டுகள் தள்ளுபடியில் கிடைக்கும். அதே சதுக்கத்தைச் சுற்றி ‘பாதி விலை’ என்று போர்டு மாட்டிய கடைகளும் உண்டு, அவை வேறு. சில நாடகங்கள் செயலி வழியாகக் காலையில் அன்றைய டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு விடும், சில குலுக்கல் நடத்தும். இவற்றில் பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு டிக்கெட்தான். ஐந்து பேருக்கும் சனிக்கிழமை ஒன்றாகக் கிடைக்கும் என்று நம்பி ரயில் ஏறாதீர்கள். கூட்டமாகப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே வாங்குவதுதான் மலிவு. வெள்ளி இரவை விட, சனி இரவை விட, வாரநாள் விலை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், லீவு போட முடிந்தவர்களுக்கு.

ரயிலில் எப்படிப் பணம் மிச்சம் பிடிப்பது?

மூன்று முதல் ஒன்பது பேர் ஒன்றாகப் போனால் பல ரயில் நிறுவனங்களில் ‘குரூப்சேவ்’ என்று மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு, நெரிசல் இல்லாத நேரத்துக்கான ஆஃப் பீக் டிக்கெட்டில். ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை வைத்திருப்பவருக்கும் அதே மூன்றில் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. குரூப்சேவில் எல்லாரும் ஒரே ரயிலில் ஒன்றாகப் போக வேண்டும். “நீங்க முன்னாடி போங்க, நான் அடுத்த வண்டியில வர்றேன்” என்பவருக்குத் தனியாக டிக்கெட் எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ் டிக்கெட் அதைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் அந்தக் குறிப்பிட்ட ரயிலை விட்டால் போச்சு. போகும்போது அட்வான்ஸ், வரும்போது எந்த வண்டியிலும் ஏறக்கூடிய ஆஃப் பீக் என்று எடுப்பது என் பழக்கம்.

லண்டனுக்குள் சுற்ற ஆய்ஸ்டர் கார்டு என்ற பயண அட்டை வாங்க வேண்டுமா?

வேண்டாம். கையில் இருக்கும் பாங்க் கார்டோ போனோ போதும், தினசரி உச்சவரம்பு தானாகக் கணக்காகும். ஆளுக்கு ஒரு கார்டு, உள்ளே போகும்போது தட்டிய அதே கார்டை வெளியே வரும்போதும் தட்டுங்கள். உள்ளே போனைத் தட்டிவிட்டு வெளியே கார்டைத் தட்டினால் இரண்டு ஆளாகக் கணக்கு வைத்து அதிகக் காசு பிடித்துவிடும். பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள்.

செயின்ட் பாங்க்ராஸிலோ கிங்ஸ் கிராஸிலோ இறங்கினால் டியூபின், அதாவது பாதாள ரயிலின், பிக்கடில்லி லைனில் மூன்றாவது நிறுத்தம் கோவன்ட் கார்டன். அங்கே மேலே வர லிஃப்டுக்குக் கூட்டம் நிற்கும், பொறுமை இல்லாத நண்பர் “படியில போயிடலாம் வாங்க” என்பார். போகாதீர்கள். 193 படி, சுழல் படி, நடுவில் நின்று மூச்சுவாங்கக்கூட ஒழுங்கான இடமில்லை. முந்தைய நிறுத்தமான ஹோல்பர்னில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் தியேட்டர் வந்துவிடும். கோவன்ட் கார்டனிலிருந்து லெஸ்டர் ஸ்குவேருக்கு டியூபில் போவது அதைவிட வேடிக்கை: இரண்டுக்கும் நடுவில் கால் கிலோமீட்டர்தான். வெஸ்ட் எண்டுக்குள் எல்லாமே நடைதூரம்.

சனிக்கிழமை இரவு பிக்கடில்லி, நார்தர்ன், விக்டோரியா, ஜூபிலி, சென்ட்ரல் லைன்களில் விடிய விடிய டியூப் ஓடும்.

எங்கே தங்குவது?

கிங்ஸ் கிராஸ், யூஸ்டன் பக்கம். இறங்கியதும் பையை ஹோட்டலில் போட்டுவிட்டுக் கிளம்பலாம், ஞாயிறு கிளம்பும்போதும் அலைச்சல் இல்லை. பையை ஹோட்டலில் விடுவது முக்கியம்: பெரும்பாலான தியேட்டர்கள் சக்கரம் வைத்த பெட்டியை உள்ளே விடாது.

சாப்பாடு?

நாடகத்துக்கு முன் லேசாக, பின் பலமாக. கோவன்ட் கார்டன், சோஹோ வட்டாரத்தில் பல உணவகங்களில் மாலை வேளையில் நாடகத்துக்குப் போகிறவர்களுக்கென்று குறைந்த விலையில் இரண்டு வகை, மூன்று வகைச் சாப்பாடு உண்டு. மதியக் காட்சி பார்த்துவிட்டு ஐந்து மணி வாக்கில் வெளியே வருகிற நமக்கு அந்த விலை அப்படியே வசமாக மாட்டும். ஐந்து பேர் என்றால் மேசை முன்பதிவு செய்துவிடுங்கள். ஜெரார்ட் தெருவின் சீனக் கடைகளில் சொல்லாமல் போனாலும் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

ஸ்ட்ராண்டில் ஒரு காலத்தில் இந்தியா கிளப் இருந்தது. 1951இல் தொடங்கியது, சுதந்திர இந்தியாவின் முதல் பிரிட்டன் தூதரான கிருஷ்ண மேனன் தொடர்புடைய இடம், குறுகின படியில் ஏறிப் போனால் பழைய நாற்காலி மேசையில் உட்கார்ந்து மசால் தோசை சாப்பிடலாம். தியேட்டரிலிருந்து எட்டும் தூரம். 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு அங்கே போய் நிற்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு யூஸ்டன் பக்கத்தில் டிரம்மண்ட் தெரு இருக்கிறது. கொத்துரொட்டியும் ஆட்டுக்கறியும்தான் வேண்டும் என்றால் டூட்டிங்குக்கோ ஈஸ்ட் ஹாமுக்கோ போக வேண்டும். வெஸ்ட் எண்டிலிருந்து அரை மணிக்கு மேல் ஆகும், சனி இரவுக்கு அது தாராளமாகத் தகும்.

என்ன உடுத்திப் போவது? உள்ளே எப்படி நடந்துகொள்வது?

ஜீன்ஸ், சுடிதார், எதுவும். யாரும் பார்ப்பதில்லை. மேல்தளம் கோடையில் புழுங்கும், குளிர்காலத்திலும் கோட்டைக் கழற்றி மடியில் வைக்கத்தான் இடம்.

அரைமணி முன்னால் போங்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். தாமதமாக வந்தால் பொருத்தமான இடைவெளி வரும் வரை வெளியே நிற்கவைப்பார்கள். போன் அணைந்திருக்க வேண்டும். விசில் முதல் காட்சியிலேயே வேண்டாம், பாட்டு முடிந்ததும் கைதட்டலாம், சிரிப்பை அடக்கத் தேவையே இல்லை. கூடவே பாடுவதுதான் இங்கே பெருங்குற்றம். பக்கத்தில் இருப்பவர் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார், திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அதற்கு மேல் உங்களுக்கே பாட்டு வராது.

இடைவேளையில் என்ன செய்வது?

விளக்கு எரிந்த கணமே பெண்கள் கழிவறைக்குக் கிளம்புங்கள். பழைய தியேட்டர்களில் எண்ணிக்கை போதாது, வரிசை படிக்கட்டு வரை வரும். மற்றவர்கள் ஐஸ்கிரீம் வாங்கலாம். சின்னக் கப், மூடியைத் திருப்பினால் அதற்குள்ளேயே ஒரு குட்டிக் கரண்டி செருகியிருக்கும், ஐஸ்கிரீம் கல்லாக இருக்கும், கரண்டி வளையும். கடையில் அந்த விலைக்கு இரண்டு டப்பா வாங்கலாம். வாங்காமல் இருக்கவும் மனம் வராது. பாரில் குடிக்க ஏதாவது வேண்டுமென்றால் நாடகம் தொடங்கும் முன்பே சொல்லிப் பணம் கட்டிவிட்டால், இடைவேளையில் உங்கள் பெயர்ச் சீட்டோடு தயாராக இருக்கும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

மின்ஸ்மீட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் என்றால் ரசிப்பார்கள். கைக்குழந்தை வேண்டாம். புக் ஆஃப் மார்மனுக்கு மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன திட்டம்?

ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ், மெழுகு பொம்மை என்று பட்டியல் போட்டால் சனிக்கிழமை நாடகமே மறந்துபோகும். மின்ஸ்மீட் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது: டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து வைட்ஹாலில் மெதுவாக நடங்கள். பழைய அட்மிரால்டி கட்டிடம் அங்கேதான். அதன் அடித்தளத்தில் 13ஆம் எண் அறையில் உட்கார்ந்துதான் மாண்டகு கூட்டம் மேஜர் மார்ட்டினைப் ‘பிறக்க’ வைத்தது. உள்ளே விட மாட்டார்கள், வெளியிலிருந்து பார்க்கலாம். அப்படியே நடந்தால் சர்ச்சில் வார் ரூம்ஸ், அதற்கு டிக்கெட் உண்டு, முன்பதிவு செய்துவிடுங்கள். காசு வேண்டாம் என்றால் நேஷனல் கேலரியும் பிரிட்டிஷ் மியூசியமும் இலவசம். கோயிலுக்குப் போகவேண்டும் என்று நினைப்பவர்கள் நார்தர்ன் லைனில் ஏறி ஹைகேட் முருகனைப் பார்த்துவிட்டு வரலாம்.

கடைக்குப் போகிறவர்களுக்கு: ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கும், பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து ஆறு.

ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால்? ரயில் தாமதமானால்?

நாடக டிக்கெட்டுக்குப் பொதுவாகப் பணம் திரும்ப வராது. சில தியேட்டர்கள் சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு வேறு தேதிக்கு மாற்றித் தரும், காட்சிக்கு ஒரு நாளாவது முன்னால் கேட்டால். டிக்கெட்டில் பெயர் இருந்தாலும் வழக்கமாக ஆளைப் பார்த்துச் சரிபார்ப்பதில்லை, அதனால் லண்டனில் இருக்கும் ஒரு நண்பரை அந்த இருக்கைக்கு இழுத்துவிடுவதுதான் நடைமுறை வழி. வராதவர் பங்கைக் கொடுக்க வேண்டுமா என்ற வம்புக்கு, புக் செய்யும் அன்றே குழுவில் எழுதி வையுங்கள்: “காசு கட்டியபின் வரலைன்னா, ஆளை நீங்களே பிடிச்சுக் கொடுங்க.”

ரயில் தாமதத்துக்கு ‘டிலே ரீபே’ உண்டு, நிறுவனத்தைப் பொறுத்து 15 நிமிடத்திலிருந்தோ 30 நிமிடத்திலிருந்தோ தொடங்கும். அது ரயில் டிக்கெட்டுக்கான ஈடு மட்டும், தவறவிட்ட நாடகத்துக்கு வராது. வழியில் மாட்டிக்கொண்டால் உடனே பாக்ஸ் ஆபீஸுக்குப் போன் செய்யுங்கள். சில சமயம் இரவுக் காட்சியில் காலியாக இருக்கும் இருக்கைக்கு மாற்றித் தருவார்கள். அவர்கள் அப்படிச் செய்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை, காட்சி தொடங்கும் முன் கேட்டால் வாய்ப்பு அதிகம். ஞாயிறு மாலை திரும்பும் பாதையில் தண்டவாள வேலை இருக்கிறதா என்று அந்த வாரம் வியாழக்கிழமை ஒருமுறை பாருங்கள். இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், ஒன்றரை மணிப் பயணம் மூன்று மணி ஆகிவிடும், திங்கள் காலை வேலைக்குப் போகிறவர் அதற்கேற்பக் கிளம்ப வேண்டும்.